ஒரு லிட்டர் எலுமிச்சை எத்தனை கிலோ?

(இரண்டாம் ஆண்டு அமைப்பியல் மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே எங்கள் வகுப்பில் ஆளாளுக்குப் பெரிய தலைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். செயற்கைக்கோள், ரோபோ, சூரிய மின்சாரம்... எனக்கு மிஞ்சியது ஊறுகாய். சிரிக்காதீர்கள் நண்பர்களே! இந்த ஊறுகாயில் நான் போட்ட ஒரு தப்புக் கணக்கால் ஏழு பெண்களுடைய பணம் உப்போடு போக இருந்தது. அதே தப்பை நீங்களும் செய்யக்கூடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சின்ன சோதனை. பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம், "ஒரு லிட்டர் டப்பா நிறைய எலுமிச்சம்பழம் போட்டால் எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு கிலோ" என்று யோசிக்காமல் பதில் வரும். லிட்டர் என்றால் கிலோ என்று பள்ளிக்கூடத்திலேயே மனதில் பதிந்துவிட்டது. அது தண்ணீருக்குச் சொன்ன கணக்கு என்பது மட்டும் பதியவில்லை.

எங்கள் ஊர் புளியங்குடிக்குப் பக்கம். எலுமிச்சைக்குப் பேர்போன பகுதி. எங்கள் தெருவில் பழத்தை எடை போட்டு யாரும் வாங்குவதில்லை. எண்ணித்தான் வாங்குவோம், இல்லாவிட்டால் கூடையாக. போன வருஷம் அம்மாவும் தெருவில் இன்னும் ஆறு பேரும் மகளிர் குழுவாகச் சேர்ந்து எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்பது என்று முடிவு செய்தார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். எலுமிச்சை 1 கிலோ, உப்பு 200 கிராம், மிளகாய்த்தூள் இத்தனை கிராம் என்று எல்லாமே எடைக் கணக்கு. பாட்டிலில் நிகர எடை அச்சிட்டு விற்க வேண்டிய பொருள் என்பதால் எடையில்தான் சொல்லித் தருவார்கள், அதில் குறை இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தராசு கிடையாது. இருந்தது ஒரு படி, ஒரு ஆழாக்கு, மேல்பக்கம் வெட்டின 5 லிட்டர் எண்ணெய் டின் ஒன்று, ஒரு லிட்டர் சொம்பு. அவ்வளவுதான்.

அம்மா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "ஏட்டி, இந்தக் கிலோவ டின் கணக்குல சொல்லு" என்றாள்.

"லிட்டர்னா கிலோம்மா. டின் ஒண்ணு 5 கிலோ. ரெண்டு டின் பழம் எடுத்தா 10 கிலோ ஆச்சு. அதுக்கு உப்பு ரெண்டு கிலோ. சொம்புல ரெண்டு தடவை" என்று மடமடவென்று சொன்னேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறேன் அல்லவா!

பழத்தை நறுக்கிப் போட்டு, மூட்டையிலிருந்து பொடி உப்பை அளந்து கொட்டும்போது இரண்டாவது சொம்பில் அம்மாவின் கை நின்றது. "உப்பு கூடின மாதிரி கண்ணுக்குத் தெரியுதே..." என்றாள். பக்கத்தில் இருந்த மதினி, "படிக்கிற புள்ள சொல்லுதால்லா, தப்பாவா இருக்கும்?" என்றாள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் அம்மா ஒன்றும் பேசவில்லை. கொட்டிவிட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "வாயில வைக்க முடியல. ஒரே கரிப்பு. எதுல தப்பு நடந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எதையோ தேடுகிற மாதிரி லேப் ரெக்கார்டு நோட்டைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் கண் நின்றது. ஜல்லியின் பல்க் டென்சிட்டி காணும் சோதனை! செய்து முடித்து, படம் போட்டு, கையெழுத்தும் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சிவில் நண்பர்களுக்கு இது தெரியும். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 15 லிட்டர் கொள்ளும் இரும்பு உருளையில் 20 மி.மீ. ஜல்லியைப் போட்டு, மேலே வழித்துவிட்டு எடை பார்ப்போம். எங்களுக்குக் கிடைத்தது லிட்டருக்கு ஒன்றரை கிலோ. ஆனால் அதே கல்லின் ஒப்படர்த்தி 2.7. அதாவது இடைவெளியே இல்லாத ஒரு லிட்டர் கல் இருந்தால் அது 2 கிலோ 700 கிராம் இருக்க வேண்டும். 1.5-ஐ 2.7-ஆல் வகுத்தால் 0.56. உருளையில் நூற்றுக்கு 56 பங்குதான் கல், மீதி 44 பங்கு காற்று! கான்கிரீட்டில் அந்தக் காற்றின் இடத்தைத்தான் மணலும் சிமெண்டும் போய் அடைக்கின்றன.

ஜல்லிக்குக் காற்று உண்டென்றால் எலுமிச்சைக்கு இல்லாமல் போகுமா?

வெள்ளிக்கிழமை ராத்திரியே ஊருக்குப் போய், மறுநாள் காலையில் டின்னைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அண்ணாச்சி எலெக்ட்ரானிக் தராசைத் தந்து உதவினார். முதலில் டின் நிறையத் தண்ணீர் ஊற்றி, டின்னின் எடையைக் கழித்துப் பார்த்தேன். 5 கிலோ. ஆக, டின் 5 லிட்டர்தான், அதில் பிசகு இல்லை. அடுத்து அதே டின்னில் தலைதட்டி எலுமிச்சை. 2 கிலோ 850 கிராம்! 5 கிலோ என்று நான் சொன்ன இடத்தில் இருந்தது மூன்று கிலோகூட இல்லை.

லிட்டருக்கு 570 கிராம். எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் போட்டால் மூழ்கியும் மூழ்காமலும் கிடக்கும். அதன் ஒப்படர்த்தி ஒன்றுக்கு அருகில்தான். ஆகவே டின்னில் 57 பங்கு பழம், 43 பங்கு காற்று. ஜல்லியில் 44, எலுமிச்சையில் 43!

இது தற்செயல் இல்லை. உருண்டையான, ஏறக்குறைய ஒரே அளவான எதைக் கொட்டினாலும் அது தானாக நிரப்புகிற இடம் நூற்றுக்கு 60 முதல் 64 வரைதான். நன்றாகக் குலுக்கினால் 64-ஐத் தொடும். பழக்கடையில் ஆரஞ்சை அடுக்கி வைப்பார்களே, ஒவ்வொரு குழியிலும் ஒரு பழம் உட்கார்ந்து கோபுரமாக எழும்பும். அந்த அடுக்கில் 74 வரை போகலாம். அதற்கு மேல் எப்படி அடுக்கினாலும் முடியாது என்று கெப்ளர் 1611-லேயே சொன்னார். கோள்களின் ஓட்டத்துக்கு விதி சொன்ன அதே கெப்ளர்தான்! சொன்னதை யாராலும் நிரூபிக்க முடியாமல், 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கம்ப்யூட்டர் உதவியோடு நிரூபித்தார். பழக்கடைக்காரர் கைக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் கொண்டுவர 387 வருஷம் ஆகியிருக்கிறது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், உருண்டை சிறிதா பெரிதா என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. பெரிய அண்டாவில் கொட்டினால் திராட்சையும் ஏறக்குறைய அதே அளவு இடத்தைத்தான் நிரப்பும், எலுமிச்சையும் அப்படித்தான். ஆனால் பாத்திரம் சின்னதாக இருந்து பழம் பெரிதாக இருந்தால் கணக்குக் கெட்டுவிடும். பாத்திரத்தின் சுவர் ஓரத்தில் பழத்தால் ஒட்டி நெருங்க முடியாது. அங்கே காற்று கூடும். என் டின்னில் 60-க்குப் பதில் 57 வந்ததற்கு அதுவும் காரணம். இதனால்தான் ஜல்லி சோதனைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 2386 (மூன்றாம் பாகம், 1963) கல்லின் அளவைப் பொறுத்துப் பாத்திரத்தை மாற்றச் சொல்கிறது. மணலுக்கு 3 லிட்டர், 40 மி.மீ. வரையுள்ள ஜல்லிக்கு 15 லிட்டர், அதைவிடப் பெரிய கல்லுக்கு 30 லிட்டர். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது எதற்கு மூன்று உருளை என்று நான் யோசித்ததே இல்லை.

பழத்தில் வந்த தப்பு பாதிதான். மறுபாதி உப்பில்!

ஒரு சொம்பு பொடி உப்பையும் தராசில் வைத்தேன். ஒரு கிலோ 200 கிராம். உப்பு தண்ணீரைவிடக் கனம் என்பதால், நடுவில் காற்று இருந்தும் லிட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது. இப்போது சேர்த்துப் பாருங்கள். நான் 10 கிலோ பழத்துக்கு 2 கிலோ உப்பு என்று நினைத்தேன். நூற்றுக்கு 20 பங்கு. உண்மையில் போனது 5 கிலோ 700 கிராம் பழத்துக்கு 2 கிலோ 400 கிராம் உப்பு. நூற்றுக்கு 42! பழத்தில் குறைவு, உப்பில் கூடுதல், இரண்டும் சேர்ந்து இரு மடங்குக்கு மேல் கொண்டுபோய் விட்டது. ஒன்றில் மட்டும் தப்பியிருந்தால் ஓரளவு சமாளித்திருக்கலாம்.

நல்லவேளை, தப்பு இந்தப் பக்கம் விழுந்தது. உப்பு குறைந்து போயிருந்தால் பூசணம் பிடித்து எல்லாவற்றையும் குப்பையில்தான் கொட்டியிருக்க வேண்டும். கூடிய உப்புக்கு வழி உண்டு. பழத்தைக் கூட்டினால் போதும். எவ்வளவு கூட்டுவது? 2 கிலோ 400 கிராம் உப்பு என்பது 12 கிலோ பழத்துக்கு உரியது. இருப்பது 5.7 கிலோ. ஆக இன்னும் 6 கிலோ 300 கிராம் பழம் வேண்டும். இதை லிட்டராக மாற்ற 0.57-ஆல் வகுத்தேன். 11 லிட்டர். இரண்டு டின், அதற்கு மேல் ஒரு சொம்பு.

ஆனால் தோட்டக்காரர் எண்ணித்தானே தருவார்? பத்துப் பழம் எடை போட்டேன், 400 கிராம். பழம் ஒன்று 40 கிராம் என்றால் 158 பழம். 160-ஆகக் கேட்டு வாங்கினோம்.

எண்ணிக்கைக் கணக்கில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பழத்தின் விட்டம் கொஞ்சம் மாறினாலும் எடை ரொம்ப மாறிவிடும், ஏனென்றால் கனஅளவு விட்டத்தின் முப்படியில் போகிறது. 4 செ.மீ. விட்டமுள்ள பழம் சுமார் 33 மில்லி இடம் பிடிக்கும். 5 செ.மீ. விட்டமுள்ளது 65 மில்லி! பார்வைக்கு ஒரு செ.மீ. வித்தியாசம்தான், எடையோ இரு மடங்கு. "பத்து எலுமிச்சம்பழத்துக்கு" என்று தொடங்கும் சமையல் குறிப்பைப் பார்த்தால் எனக்கு இப்போது பயம். "எலுமிச்சம்பழ அளவு புளி" என்பார்களே, அது எந்த எலுமிச்சம்பழம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? (ஹாஸ்டல் ரசத்துக்கு நெல்லிக்காய் அளவுகூடப் போடுவதில்லை என்பது வேறு விஷயம்!)

நறுக்கினால் கணக்கு இன்னொரு விதம். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்து உட்காரும். சாறும் இறங்கி இடைவெளியை நிரப்பும். நாலாக நறுக்கின எலுமிச்சையை அளந்தபோது லிட்டருக்கு 700 கிராம் வந்தது. நசுக்கிக் கூழாக்கினால் காற்று முழுவதும் போய்விடும். அப்போதுதான் லிட்டர் என்றால் ஒரு கிலோ என்பது ஏறக்குறைய உண்மையாகிறது. மாம்பழக் கூழ் கிலோவைச் சற்றுத் தாண்டவும் செய்யும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அவர்கள் சமையலில் எல்லாமே கப் கணக்கு. ஒரு கப் 237 மில்லி. வட்டமாக நறுக்கின வாழைப்பழம் ஒரு கப் 150 கிராம், அதே பழத்தைப் பிசைந்து அளந்தால் ஒரு கப் 225 கிராம். உலர்ந்த திராட்சையைச் சும்மா போட்டால் 145, அழுத்தி நிரப்பினால் 165. பழமும் அதே, கப்பும் அதே. கப் கணக்கிலேயே ஓடும் அந்த நாட்டிலும் எந்த நிலையில் அளந்தது என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு உணவு விதிகளில் ஜாம் என்றால் நூற்றுக்கு 45 பங்காவது பழம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது; அதுவும் எடைப் பங்குதான். ஜாம் செய்ய நினைக்கும் தோழிகள் பழக்கூழ் ஒரு லிட்டர், சர்க்கரை ஒரு லிட்டர் என்று அளந்துவிட்டுச் சமபங்கு என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 850 கிராம்தான்.

இனி சொல்லப்போவது எனக்கே கொஞ்சம் வெட்கமான சேதி.

பழத்தை நறுக்கிச் சேர்த்துக் கிளறி முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். "இதுக்கு முன்னால வீட்டுக்குப் போடும்போது என்ன கணக்கும்மா போடுவ?"

"என்ன கணக்கு... நறுக்கின காய் ஒரு படிக்குக் கல்லுப்பு ஒரு ஆழாக்கு. எங்கம்மா சொன்னது."

ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. ஆக எட்டுக்கு ஒன்று. நூற்றுக்குப் பன்னிரண்டரை. இருபது எங்கே, பன்னிரண்டரை எங்கே, இது குறைகிறதே என்று முதலில் தோன்றியது. பிறகுதான் புத்தி வந்தது. அம்மாவின் கணக்கு இடத்துக்கு இடம், தாளில் இருந்தது எடைக்கு எடை. கல்லுப்பை அளந்து எடை போட்டேன். பொடி உப்பைவிடக் குறைவு; கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் காற்று. லிட்டருக்கு ஒரு கிலோவும் சில கிராமும். நறுக்கின காய் லிட்டருக்கு 700 கிராம். எட்டு பங்கு காய் 5.6, ஒரு பங்கு உப்பு 1. வகுத்தால் நூற்றுக்குப் பதினெட்டு! அச்சடித்த தாளில் இருந்த இருபதுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். தராசே இல்லாமல் ஆச்சி சொல்லிப்போன கணக்குக்குள் காயின் காற்றும் கல்லுப்பின் காற்றும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. காயை நறுக்கித்தான் அளக்க வேண்டும், உப்பு கல்லுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். "நறுக்கின" என்ற சொல்லையும் "கல்லு" என்ற சொல்லையும் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் பொய்யாகிவிடும். அம்மாவின் கை இரண்டாவது சொம்பில் ஏன் நின்றது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்காகப் படிக்கணக்கே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுப் படியும் பட்டணம் படியும் ஒன்றல்ல; பட்டணம் படி பெரியது. தலைதட்டி அளப்பார் ஒருவர், குவித்து அளப்பார் இன்னொருவர். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1956-இல் எடை அளவுச் சட்டம் கொண்டுவந்து, 1960-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் கிலோவும் லிட்டரும் ஆக்கினார்கள். ஆச்சி கணக்கு ஒரே வீட்டில், ஒரே படியும் அந்தப் படிக்குச் சேர்ந்த ஆழாக்கும் உள்ளவரை சரியாக ஓடும். ஏழு வீட்டுக்காரர்கள் ஏழு படி கொண்டுவந்தால் ஓடாது. குழுவில் அதுவும் நடந்தது. மதினி வீட்டு ஆழாக்கு எங்கள் வீட்டு ஆழாக்கைவிடப் பெரிதாக இருந்து ஒரு சின்ன வாக்குவாதம்!

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாராவது கிலோவை டின்னாகவோ கப்பாகவோ மாற்றிச் சொல்லச் சொன்னால், எந்தப் பாத்திரத்தில் அளப்பார்களோ அதையே எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைத் தராசுக்குப் போங்கள். முதலில் தண்ணீர், அடுத்து பொருள். முழுசா, நறுக்கினதா, பொடியா, கட்டியா என்று பார்த்து அப்படியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை. என்னைப் போல ஹாஸ்டலில் தூக்கம் இல்லாமல் கிடக்க வேண்டாம்.

ஊறுகாய் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புதுப் பழத்தில் உப்பு ஏற நாளானது. தினமும் கிளறி வெயிலில் வைத்து, மூன்று வாரம் கழித்து ருசி பார்த்தபோது கரிப்பு அடங்கியிருந்தது. முதலில் நினைத்ததைவிட இரண்டு கிலோ பழம் அதிகம் போய், கொஞ்சம் அதிகச் சரக்கும் கிடைத்தது. சந்தையில் விற்றும் விட்டார்கள். மிளகாய்த்தூள் சற்றுக் குறைந்துவிட்டதாக ஒரு பாட்டி சொன்னாராம். அதுவும் என் கணக்குதான். பழத்தைக் கூட்டின நான் தூளைக் கூட்ட மறந்திருந்தேன்.

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் இப்போது கரியால் எழுதியிருக்கிறது: டின் படம் ஒன்று, பக்கத்தில் 2-850. சொம்பு படம் ஒன்று, பக்கத்தில் 1-200. அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியும் என்பதால் இது போதும். போன தடவை ஊருக்குப் போனபோது, அடுத்தது நாரத்தங்காய் போடப்போவதாகச் சொன்னாள். டின்னில் நாரத்தங்காய் எத்தனை கிலோ பிடிக்கும் என்று பார்க்க நான் கடைக்குக் கிளம்பினேன்.

"எங்க போற? அது பெரிய காய், டின்னுல வச்சா அஞ்சாறு காய்க்கு மேல உக்காராது, ஓரமெல்லாம் சும்மா கிடக்கும். நறுக்கிப் போட்டுட்டு அளப்போம், உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன்.